துடைக்க முடியாத புள்ளி

மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். புள்ளி போகவில்லை. துணியைச் சற்றே நனைத்து மீண்டும் துடைத்தேன். அப்போதும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. "ஈயின் எச்சமாக இருக்கும், நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்" என்றார் என் துணைவியார். சுரண்டியும் பார்த்தேன். பிறகுதான் அது திரையின்மேல் இல்லை, திரைக்குள் இருக்கிறது என்பது விளங்கிற்று.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்தக் கணினித்திரையை வாங்கினேன். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பங்கின் மலர்களுக்கும், எங்கள் லால்குடியில் உள்ள சிறிய அச்சகம் ஒன்றுக்கும் மெய்ப்புத் திருத்திக் கொடுப்பதே இப்போது என் பொழுது. முன்பெல்லாம் அச்சகத்துப் பையன் ஈரம் காயாத தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் வருவான். இன்று பக்கங்கள் கணினி வழியாகவே வந்துவிடுகின்றன. கண்புரை அறுவைக்குப் பின், மகனின் பழைய மடிக்கணினியில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. ஆகவே ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து 9,400 ரூபாய்க்கு ஓர் அகலத் திரையை வாங்கினேன். மூன்று ஆண்டு வாரண்டி என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த எழுத்தின் அளவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வாங்கிய முதல் பத்து நாள்கள் அதில் பேரப்பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் படங்களைத்தான் பார்த்துக் கொண்டிருந்தோம். வண்ணவண்ணப் படங்களுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி எவர் கண்ணில் படும்? பதினோராம் நாள் அச்சகத்திலிருந்து ஒரு பக்கம் வந்தது. வெள்ளைப் பரப்பில் கறுப்பு எழுத்து. திரையின் வலப்பாதியில், நடுவுக்குச் சற்று மேலே, "அவர" என்றிருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக் கை வைத்தேன். அது பிழையன்று, "அவர்" என்றே சரியாக இருந்தது என்றும், அடுத்த வரியிலுள்ள "பொது" என்னும் சொல்லே "பொத்து" போல ஏதோவொன்றாக மயக்குகிறது என்றும் சில நொடிகளில் தெரிந்தது. பக்கத்தை மேலே நகர்த்தினேன். எழுத்து நகர்ந்தது. புள்ளி நகரவில்லை.

பிற மொழிக்காரர்கள் இதைப் பெரிதாக எண்ணாமல் போகலாம். தமிழனுக்கு முடியாது. நமக்குப் புள்ளி என்பது தூசியன்று, அது இலக்கணம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று அந்நூல் கூறுகிறது. ஆயினும் ஏட்டில் எழுத்தாணியால் எழுதியவர்கள், ஓலை கிழிந்துவிடுமே என்றஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டார்கள். புள்ளியில்லாத அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு, இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று உ. வே. சாமிநாதையர் (1855–1942) போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் படித்திருக்கிறோம். நம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747), குறிலுக்கும் நெடிலுக்கும் புள்ளியை நம்பியிராமல் எழுத்தின் வடிவிலேயே வேறுபாடு செய்தார் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். வைக்காமல் விட்ட புள்ளியால் வந்த தொல்லை அது. எனக்கு வாய்த்ததோ எவரும் வைக்காத புள்ளி!

கடைக்குச் சென்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். திரையை ஒரு மேசைமேல் வைத்து ஏற்றிப் பார்த்தார். "புள்ளி இருக்கிறது, ஐயா. ஆனால் ஏழு நாளைக்குள் கொண்டுவந்திருந்தால் நானே மாற்றிக் கொடுத்திருப்பேன். இப்போது கம்பெனிதான் பார்க்க வேண்டும்" என்றார். பில்லின் பின்புறத்தில் அந்த ஏழு நாள் கணக்கு மங்கிய நீல மையில் இருந்தது. ஏழு நாளும் நான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள் திருச்சியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பினார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் புள்ளியின்மேல் பிடித்து, "நீங்களே பாருங்கள், சார்" என்றார்.

பார்த்தேன். வாழ்நாளெல்லாம் ஒருமுறைகூட நினைத்துப் பாராத ஒன்று அது. வெள்ளை என்று நாம் காண்பது வெள்ளையே அன்று. சிவப்பும் பச்சையும் நீலமுமான சின்னஞ்சிறு கோடுகள் மும்மூன்றாக நெருங்கி நிற்கின்றன. அம்மூன்றும் சேர்ந்த ஒரு கட்டத்தைத்தான் பிக்சல் என்கிறார்கள். என் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மும்மூன்று கோடுகள் என்றால் 62,20,800. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. அது திரவப்படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுகிறது, அல்லது மறைக்கிறது. என் திரையில் அப்படிப்பட்ட ஒரு கட்டத்தின் மூன்று கோடுகளும் இருண்டு கிடந்தன. கால் மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் இருபது இலட்சம் கட்டங்கள் கேட்டபோது ஒளிர்ந்து கேட்டபோது அணைந்துகொண்டிருக்க, இது மட்டும் ஒன்றையும் கேளாமல் இருந்தது.

"இது டெட் பிக்சல், சார். நிறம் மாறாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ எரிந்துகொண்டே இருந்தால் அது சிக்கிக்கொண்ட பிக்சல். அதற்குச் சில நேரம் உயிர் வரும். இது செத்துவிட்டது" என்றார் அந்த இளைஞர். பிறகு கையேட்டைத் திறந்து ஒரு பத்தியைக் காட்டினார். அந்த எழுத்தைப் படிக்க அவருடைய பூதக்கண்ணாடியையே இரவல் வாங்க வேண்டியிருந்தது. ஐந்து கரும்புள்ளிகள் வரை இருப்பது இயல்பு, அது குறைபாடாகக் கருதப்படமாட்டாது, வாரண்டியில் மாற்றித் தரப்படமாட்டாது என்பது அதன் சாரம்.

"அப்படியானால் இன்னும் நான்கு செத்தாலும் நீங்கள் வரமாட்டீர்களா, தம்பி?"

"வருவேன், சார். எண்ணிவிட்டுப் போவேன்." சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். காப்பி கொடுத்தோம். புறப்படும்போது, "படிப்பதற்கு இது இடைஞ்சலாக இருக்காது, சார். ஒரு வாரத்தில் பழகிவிடும்" என்றார். அந்தச் சொல்லைப் பின்னால் பல முறை நினைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகும் நான் விடவில்லை. நிறங்களை மாற்றி மாற்றிப் பல மணி நேரம் மினுக்கவிட்டால் புள்ளி மறையும் என்று யாரோ சொல்ல, ஓரிரவு முழுவதும் அதைச் செய்தேன். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த துணைவியார் கூடத்தில் சிவப்பும் பச்சையும் மின்னி மின்னி அடங்குவதைக் கண்டு, மின்கசிவோ என்று அலறிவிட்டார். காலையில் புள்ளி அப்படியே இருந்தது. அந்த இளைஞர் சொன்னது சரிதான். சிக்கிக்கொண்டதற்குத்தான் இந்த வைத்தியம். செத்ததற்கு இல்லை.

ஐந்து என்ற எண்ணை யார் விதித்தார்கள் என்று அறிந்துகொள்ளும் ஆவல் பிறந்தது. உலகத் தர நிர்ணய நிறுவனம் 2001ஆம் ஆண்டில் 13406-2 என்ற எண்ணுடைய நெறியொன்றை வெளியிட்டது. அதில் தட்டைத் திரைகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்பில் ஒரு புள்ளிகூட இருத்தல் ஆகாது. இரண்டாம் வகுப்பில் பத்து இலட்சம் கட்டங்களுக்கு அணையாத புள்ளிகள் இரண்டு, ஒளிராத புள்ளிகள் இரண்டு, கோடுகளில் மட்டும் பழுதுபட்டவை ஐந்து வரை இருக்கலாம். என் திரையின் அளவுக்குக் கணக்கிட்டால் ஒளிராதவை நான்கு வரை. 2008இல் அந்த நெறியின் இடத்தில் 9241 என்னும் வரிசையின் புதிய பகுதிகள் வந்தன. வகுப்புப் பிரிவு தொடர்ந்தது. உற்பத்தியாளர்கள் பலரும் தத்தம் எண்ணிக்கையை இந்த அடிப்படையில் வைத்துக்கொண்டு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அச்சிடுகிறார்கள்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் படிக்கப் படிக்க அப்படிச் சொல்ல முடியவில்லை. பெரிய தொழிற்சாலைகளில் 2,200 மில்லிமீட்டருக்கு 2,500 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடிப் பலகைகள் பயன்படுகின்றன. ஏறத்தாழ ஒரு சிறு அறையின் தரையளவு. அதன்மேல் பல திரைகளுக்கான டிரான்சிஸ்டர்களை ஒருங்கே படியவைத்துப் பிறகு துண்டு போடுகிறார்கள். தூசியில்லாத அறையில், தலைமுதல் கால்வரை மூடிய உடையில் வேலை நடக்கிறது. அப்படியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் எங்கோ விழுந்துவிடுகிறது. ஒரு கட்டம் போகிறது. அந்த ஒன்றுக்காக முழுத்திரையையும் உடைத்தெறிந்தால், எஞ்சிய நல்ல திரைகளின் விலையில்தான் அந்த இழப்பு ஏறும். மருத்துவப் படங்களைப் பார்க்கும் திரைகளுக்குக் கடுமையான விதி உண்டு. விலையும் அதற்கேற்ப உண்டு. 9,400 ரூபாய்க்குத் திரை கிடைத்ததில் அந்த மன்னிக்கப்பட்ட புள்ளிகளுக்கும் பங்கு இருக்கிறது. மற்றவர் வீட்டுத் திரையில் புள்ளி இருந்தால் இந்த நியாயம் எனக்கு முழுதாகவே விளங்கியிருக்கும்.

என்னை உறுத்தியது வேறு. இருபது இலட்சத்தில் எத்தனை என்று அந்த நெறி கேட்கிறது. எந்த இடத்தில் என்றும், அதன் முன்னே உட்கார்ந்திருப்பவனுக்கு அதனால் என்ன வேலை என்றும் என் கையேடு கேட்கவில்லை. மூலையில் கிடக்கும் ஐந்தும், கண் எப்போதும் போய் நிற்கும் இடத்தில் கிடக்கும் ஒன்றும் அதற்கு ஒன்றல்ல. ஐந்துதான் பெரிது.

சட்டத்தில் இடம் உண்டு என்று வழக்கறிஞரான என் மருமகன் சொன்னார். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தில் உள்ள பழுது, நிறைவின்மை எல்லாம் அதில் குறைபாடு என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. குறைபாடுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லப்படாவிட்டால் முப்பது நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிகமுறை. ஐந்து இலட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். "ஆனால் மாமா, உங்கள் பில்லில் ஏழு நாள் என்று போட்டிருக்கிறது. கையேட்டில் ஐந்து புள்ளி என்று போட்டிருக்கிறது. அந்தக் கையேடு பெட்டிக்குள் இருந்தது, பெட்டியைக் காசு கொடுத்த பிறகுதானே திறந்தீர்கள் என்று நாம் வாதாடலாம். வாதாடலாம், அவ்வளவுதான்" என்றார்.

நான் வாதாடவில்லை. சோம்பல் ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. முப்பத்தொரு ஆண்டுகள் நானும் ஒரு கையேடு வைத்திருந்தேன். கட்டுரைத்தாளில் புள்ளி விட்டுப்போனால் முதல் இரண்டுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, மூன்றாவதிலிருந்து அரை மதிப்பெண் குறைப்பேன். எத்தனை என்று நானும் எண்ணினேனே தவிர, எந்தச் சொல்லில் என்று பார்த்ததில்லை. விடைத்தாளைக் கையில் ஏந்திக்கொண்டு, "புள்ளி இருக்கிறது சார், பென்சில்தான் மங்கல்" என்று நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! "இரண்டு வரை விட்டிருக்கிறேன், போ" என்று அனுப்பியிருக்கிறேன். இப்போது நான் திரையை ஏந்திக்கொண்டு நின்றேன். அனுப்பிவிட்டார்கள்.

எனவே பழகிக்கொள்ள முற்பட்டேன். அந்த இளைஞர் ஒரு வாரம் என்றார். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஐயமான இடத்தில் பக்கத்தைச் சற்றே நகர்த்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. எழுத்தோடு நகர்ந்தால் அச்சகத்தின் புள்ளி. நின்றுவிட்டால் திரையின் புள்ளி. பிறகு நகர்த்துவதும் குறைந்தது. திரையின் அந்த இடத்தில் புள்ளி ஒன்று தெரிந்தால் என் கண் தானாகவே அதைத் தள்ளிவிட்டு மேலே சென்றது. இதை ஒரு திறமை என்றே எண்ணியிருந்தேன்.

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்கின் மூத்த ஆசிரியை ஒருவர் ஆண்டவரில் துயில்கொண்டார். பங்குத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பைத் தவிர வேறு வகுப்பை ஏற்க மறுத்தவர். என் மூத்த மகனுக்கும் அவர்தான் அகரம் எழுதிக்கொடுத்தார். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு முந்நூறு நினைவு அட்டைகள் அச்சிட அவருடைய மகள் ஏற்பாடு செய்தார். வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும், மெய்ப்புத் திருத்தியவனும் நானே. இரவு பத்து மணிக்குப் பக்கம் வந்தது. முழு அட்டையும் திரையில் அடங்கும்படி வைத்துக்கொண்டு படித்தேன். நன்றாக இருந்தது. "அச்சிடலாம்" என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

திருப்பலிக்கு முந்திய மாலை, சனிக்கிழமை, அந்த மகள் ஓர் அட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். படத்துக்குக் கீழே இரண்டாம் வரி: "பல் குழந்தைகளின் கைபிடித்து எழுதக் கற்பித்த அன்னை." பல என்பது பல் ஆகியிருந்தது.

நான் எழுந்து திரைக்குச் சென்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அட்டை முழுதும் அடங்கும் அளவில், அந்த லகரத்தின் தலை திரையின் புள்ளிக்கு மிக அருகில் வந்து நின்றது. கணினியில் எழுத்துக் கோத்தவரின் விரல் தவறி விழுந்த உண்மையான புள்ளி அது. நகர்த்தினேன். எழுத்தோடு அதுவும் நகர்ந்தது. பக்கத்தில் என் பழைய புள்ளி தனியே நின்றது. அன்றிரவு நான் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். பார்த்தது எதுவாயினும் அதைத் திரையின் கணக்கில் எழுதிவிட்டேன்.

குற்றம் எவருடையது என்று அந்த மகளிடம் விளக்க வாயெடுத்தேன். கம்பெனி, கையேடு, ஐந்து புள்ளி என்றெல்லாம் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கே என் பேச்சு வாரண்டி அட்டையின் பின்பக்கம் போல் ஒலிக்கவே பாதியில் நிறுத்திவிட்டேன். நகர்த்திப் பார்க்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். அதைச் செய்யாதது திரையன்று.

"அம்மா இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார்கள், சார்" என்றார். சொல்லும்போது சிரிக்கத்தான் முயன்றார். முடியவில்லை.

அச்சகத்தை அழைத்தேன். பூட்டிவிட்டு உரிமையாளர் ஒரு திருமணத்துக்காக மதுரை போயிருந்தார். மறுநாள் காலை ஆறரை மணிக்குத் திருப்பலி. என்ன செய்வதென்று திகைத்து நின்றபோது, ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. தடித்த தாளில் அதிகமாக விழுந்த மையைச் சவர பிளேடின் முனையால் பூப்போலச் சுரண்டி எடுப்பார்கள். நல்ல காலமாக அட்டை தடித்தது. அதிகமாக விழுந்ததும் ஒரு புள்ளிதான்.

துணைவியார் பிளேடுகளைக் கொண்டுவந்து, விரலைக் கிழித்துக்கொள்ளாதபடி ஒரு பக்கத்தில் துணி சுற்றிக் கொடுத்தார். கூடத்தில் விளக்குக்குக் கீழே மூவரும் அமர்ந்தோம். முதல் இரண்டு அட்டைகளை நான் பாழாக்கினேன், லகரத்தின் தலையும் சேர்ந்து போயிற்று. மூன்றாவதிலிருந்து கை பிடிபட்டது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து மூன்று முறை தொட்டால் போதும். ஊதினால் கறுப்புத்தூள் பறந்துவிடும். இடத்தை நகத்தின் பின்புறத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் தடம் தெரியாது.

எட்டு மணிக்கு மின்சாரம் நின்று அரை மணியில் வந்தது. அதுவரை மெழுகுதிரி வெளிச்சத்தில் செய்தோம். அந்த மகள் சுரண்டிய ஒவ்வோர் அட்டையையும் படத்தின் பக்கம் திருப்பி அடுக்கிக்கொண்டே வந்தார். பத்து மணிக்கு நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டேன்.

"இன்னும் நாற்பது இருக்கின்றன, சார்" என்று அடுத்த கட்டை என் பக்கம் நகர்த்தினார்.